முட்டம் முனையின் கருமணல்: எங்கிருந்து வந்தது, ஏன் இப்போது இத்தனை சண்டை?

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்கள் அதற்குள் வருகின்றன. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு (இந்த மணலும் அதில் சேரும்) கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்கு அளித்தது. சண்டை மறுபடி சூடானது.

செய்தி படிப்பவருக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. ஒருவர் தோரியம் (அணு எரிபொருளாக மாற்றக்கூடிய உலோகம்) என்கிறார், ஒருவர் அருமண் (காந்தம் முதலியவற்றுக்கு வேண்டிய ‘ரேர் எர்த்’ தனிமங்கள்) என்கிறார், ஒருவர் புற்றுநோய் என்கிறார், இன்னொருவர் மின்சாரக் கார் என்கிறார். மணல் என்னவோ ஒன்றுதான். ஆனால் இவர்கள் பேசுவது அந்த மணலுக்குள் இருக்கும் வெவ்வேறு மணிகளைப் பற்றி. மணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் யார் சொல்வது எந்த அளவுக்குச் சரி என்று தெரியும். அதற்கு முட்டத்திலிருந்து தொடங்குவது வசதி.

பாறை

முட்டம், நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனை. மேலே பிரிட்டிஷ் காலத்துக் கலங்கரை விளக்கம், பின்னால் ஓடை அரித்த சிவப்புத் தேரி (செம்மணல்) மேடு. இங்கிருந்து வடமேற்கே கரையோரமாகப் போனால் கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, குளச்சல், அப்புறம் மிடாலமும் இனயமும் வரும்.

இந்தக் கரையின் அடிப்பாறை சார்னோகைட்டும் கார்னெட் கலந்த நைஸ் வகைகளும். பூமிக்கு வெகு ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. கடைசியாக இவை அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டி கோண்டுவானா என்ற ஒரே கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தபோது. மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் இதே மாதிரி கனிம மணல் எடுக்கிறார்கள் என்றால் காரணம் அந்தப் பழைய உறவுதான்.

அந்தப் பாறையில் நமக்கு வேண்டிய கனிமங்கள் மிகக் கொஞ்சம். டன் கணக்கில் பாறையை உடைத்தாலும், தோரியமும் அருமண்ணும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் கையளவு தேறாது. ஆனால் இங்கே மலை கடலுக்கு மிக அருகில் இருக்கிறது, இரண்டு பருவமழையும் உண்டு. வெப்பமும் மழையும் சேர்ந்து பாறையை உளுத்துப்போக வைக்கின்றன. பழையாறு, வள்ளியாறு, குழித்துறையாறு ஆகிய குட்டை ஆறுகள் அந்தத் தூளை வழியில் எங்கும் தங்கவிடாமல் கடலில் கொட்டுகின்றன. மலையில் தேறாததைத் திரட்டித் தருவது கடல்.

கடல் செய்யும் தரம்பிரிப்பு

வேலை நடக்கும் விதம் இது:

1. கரைமணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. கார்னெட் 4-ஐ ஒட்டி, இல்மனைட்டும் சிர்கானும் 4.6, 4.7 அளவில், மோனசைட் 5-ஐத் தாண்டும்.

2. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில் மோதுகிறது. பெரிய அலை கரையேறித் திரும்பும்போது லேசான குவார்ட்ஸ் மணலை ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. கனமான மணிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. முறத்தில் புடைப்பது மாதிரிதான், என்ன, பதர் கடலுக்குப் போகிறது.

3. காற்று தணிந்ததும் லேசான மணல் மெல்லத் திரும்பி வந்து கருமணலை மூடுகிறது. அதனால்தான் கரையில் குழி தோண்டினால் வெள்ளையும் கறுப்பும் அடுக்கடுக்காகத் தெரியும்.

4. முட்டம் மாதிரியான முனைகளில் அலையின் ஆற்றல் குவிகிறது, பாறை அரிபடுகிறது. முனைக்குப் பக்கத்து வளைவில் ஆற்றல் சிதறுகிறது, மணல் தங்குகிறது. முனை, கரையோரமாக ஓடும் மணலுக்குத் தடுப்பாகவும் நிற்கிறது. மணவாளக்குறிச்சிக் கருமணல் செறிந்திருப்பது இப்படி ஒரு வளைவில், வள்ளியாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்.

கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. முட்டத்துக் கரையில் செந்நீலமாக மினுங்குவது கார்னெட். மோனசைட் தேன் நிறத்தில், கண்ணுக்கு எளிதில் படாத அளவில் கலந்திருக்கும்.

கரைமணல் வேறு, உள்மணல் வேறு

பேச்சில் அடிக்கடி நழுவிப்போவது இந்த இடம்தான். “அள்ள அள்ளக் கடல் திரும்பக் கொண்டுவந்து போடும்” என்று மணவாளக்குறிச்சியில் இந்த மணலைப் பிரிக்கும் ஆலைக்கு ஆதரவாகப் பேசுவோர் சொல்வார்கள். அலை படும் கரையைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மை. ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகக் கருமணல் ஒதுங்குகிறது, பல ஆண்டுகளாக அதை அள்ளியும் வந்திருக்கிறார்கள்.

ஆனால் கரையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கும் வீட்டுக்கும் அடியில் இருக்கும் மணலின் கதை வேறு. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு அது ஏறி இன்றைய நிலையை ஒட்டி வந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தில் கடலும் காற்றும் விட்டுப்போன பழைய கரைமேடுகளும் மணற்குன்றுகளும்தான் உள்மணல். அதைத் தோண்டி எடுத்தால் எந்தப் பருவக்காற்றும் திருப்பித் தராது. 1,144 ஹெக்டேர் என்பது சுமார் 11 சதுர கிலோமீட்டர். அலை கழுவும் ஒடுக்கமான கரையில் மட்டும் இத்தனை பரப்பு கிடைக்க வழியில்லை. ஆகவே கிள்ளியூர்த் திட்டத்துக்குக் “கடல் நிரப்பும்” என்ற பதில் பொருந்தாது. அங்கே கேட்கவேண்டியது, கனிமத்தைப் பிரித்தபின் மிஞ்சும் மணலை எவ்வளவு உயரத்துக்குத் திருப்பி நிரப்புவார்கள், நிலத்தடி நீர் என்னவாகும் என்பதுதான்.

மறுபக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கரையின் அரிப்பு முழுவதையும் மணல் ஆலையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. தூண்டில் வளைவுகளும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) துறைமுகச் சுவர்களும் கரையோர மணல் ஓட்டத்தை மறிக்கின்றன. ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் மறுபக்கம் அரிக்கும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, படகு கவிழ்ந்து, மீனவர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த வாசலுக்கும் இனயத்துக்கும் தூரம் அதிகமில்லை.

ஒரே மணல், நான்கு சரக்கு

இந்தக் கரையின் தொழில் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. காலத்துக்குக் காலம் மணலில் ‘விலைமதிப்புள்ள மணி’ எது என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நேற்றைய கழிவு இன்றைய சரக்கு.

முதல் சரக்கு, விளக்கு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் 1885-இல் வாயு விளக்குக்கான மாண்டிலுக்கு (சுடரின் சூட்டில் ஒளிரும் வலை) காப்புரிமை பெற்றார். பிறகு 99 சதவீதம் தோரியம் ஆக்சைடும் 1 சதவீதம் சீரியம் ஆக்சைடும் கலந்தால் வெள்ளை வெளிச்சம் வரும் என்று கண்டார். நம் ஊர்த் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் மாண்டில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்குத் தோரியம் டன் கணக்கில் தேவைப்பட்டது. பிரேசில் கடற்கரையின் மோனசைட் மணல் அதைத் தந்தது, அந்த வியாபாரம் ஜெர்மன் கைகளில் இருந்தது.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அப்போது இந்தக் கரை அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்திலிருந்து போன தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு இங்கே வந்து, அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். பிறகு கொல்லம் பக்கத்துச் சவறாவிலும். முதல் உலகப்போர் வந்ததும் எதிரி நாட்டவர் என்று அவர் கைதானார், ஆலைகள் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போயின. மண்ணுக்குரிய திருவிதாங்கூர்க்காரர்களுக்கு இதில் கிடைத்தது கூலியும் உரிமைத்தொகையும்தான்.

இரண்டாவது சரக்கு, வெள்ளைச் சாயம். மின்விளக்கு பரவியதும் மாண்டிலின் காலம் சரிந்தது. அதே சமயத்தில், அதுவரை கழிவாக ஒதுக்கிய இல்மனைட்டுக்கு வேலை வந்தது. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டைஆக்சைடு, நஞ்சான ஈய வெள்ளைக்கு மாற்றாகப் பெயின்டில் புகுந்தது. 1922 முதல் இல்மனைட் ஏற்றுமதி ஏறுமுகம். இரண்டாம் உலகப்போர் வரை உலகத் தேவையின் பெரும்பங்கு திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போனது. இப்போது குப்பை ஆனது மோனசைட்.

மூன்றாவது சரக்கு, அணு. 1945-க்குப் பிறகு தோரியம் ஒரே நாளில் அரசியல் ஆனது. தோரியத்தை நியூட்ரானால் தாக்கினால் யுரேனியம் 233 ஆகும், அது அணுப்பிளவு எரிபொருள். அமெரிக்காவும் பிரிட்டனும் திருவிதாங்கூர் மோனசைட்டில் கண் வைத்தன. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயருக்கு இது கையில் கிடைத்த பேரம். 1947 ஜூனில் அவர் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்ததற்குப் பின்னால் வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்த மணல் கொடுத்த தைரியம் சின்னதல்ல. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டப்பட்டார். உயிர் தப்பினார். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்.

1948-இல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1950 ஆகஸ்டில், ஒன்றிய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தை, அதாவது இன்றைய ஐ.ஆர்.இ.எல்.-ஐத் தொடங்கின. மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை ஆலுவாவில் அமைந்தது, 1952 டிசம்பரில் நேரு அதைத் திறந்துவைத்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மணவாளக்குறிச்சி தமிழகத்துக்கும் சவறா கேரளத்துக்கும் போயின. 1963-இல் நிறுவனம் முழுக்க ஒன்றிய அரசுடையதாகி அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்கு வந்து சேர்ந்தது. ஊரில் இன்றும் அது ‘மணல் கம்பெனி’தான்.

நான்காவது சரக்கு, காந்தம். அதற்குமுன் ஆலைக்குள் ஒரு நடை.

ஆலையில் நடப்பது

மணலை நீரோடு கலந்து சுருள் வடிகால்களில் ஓடவிட்டால் கனமானது உட்பக்கம் ஒதுங்கும், லேசானது வெளியே போகும். பிறகு உலர்த்தி, உயர் மின்னழுத்தத்தில் செலுத்துவார்கள். இல்மனைட்டும் ரூட்டைலும் (இதுவும் டைட்டானியக் கனிமம்) மின்சாரம் கடத்துபவை, ஒரு பக்கம் விழும். கார்னெட், சிர்கான், மோனசைட், சில்லிமனைட் மறுபக்கம். அடுத்தது காந்தம்: இல்மனைட் ஒட்டும், ரூட்டைல் ஒட்டாது. கார்னெட்டும் மோனசைட்டும் வெவ்வேறு வலிமையில் ஒட்டும், சிர்கான் ஒட்டாது. இதுவரை ரசாயனமே இல்லை. மோனசைட்டை உடைத்துத் தோரியத்தையும் அருமண்ணையும் பிரிப்பதில்தான் அமிலம், காரம் எல்லாம். அந்த வேலை இப்போது ஒடிசாவின் சத்ரபூரில் நடக்கிறது.

மணவாளக்குறிச்சியின் ஆண்டுத் திறனாக நிறுவனம் சொல்லும் அளவுகள் கவனிக்கத்தக்கவை: இல்மனைட் சுமார் 90,000 டன், சிர்கான் 10,000, கார்னெட் 10,000, ரூட்டைல் 3,500, மோனசைட் 3,000. அதாவது ஒரு டன் மோனசைட்டுக்கு முப்பது டன் இல்மனைட். நாடு பேசுவது அருமண்ணைப் பற்றி, ஆலையிலிருந்து லாரி ஏறுவதில் பெரும்பகுதி பெயின்ட் கம்பெனிக்கான சரக்கு.

யார் தோண்டலாம்?

1998-இல் கடற்கரைக் கனிமங்களில் தனியாருக்கு வழி திறந்தது. தமிழகத்தின் தென்கரையில் கார்னெட்டும் இல்மனைட்டும் பெருமளவில் அள்ளப்பட்டன. சட்டவிரோதமாகவும் அள்ளுகிறார்கள் என்ற புகாரில் 2013-இல் மாநில அரசு தடை போட்டது. 2019 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. அதற்குமுன் கனமணலில் மோனசைட் 0.75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அரசு நிறுவனத்துக்கு மட்டும் என்று இருந்தது. திருத்தத்தில் அந்த வரம்பு பூஜ்யமானது. இந்தக் கரையில் மோனசைட் துளியும் கலக்காத கருமணல் கிடையாது, எனவே தனியார் கதவு மூடிக்கொண்டது. பழைய முறைகேடுகளைச் சிபிஐ விசாரிக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

கிள்ளியூர் விவகாரத்தில் “தனியார் கொள்ளை” என்று எழுதுவோர் இந்த இரண்டு கதைகளையும் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே மனு போட்டிருப்பது அரசு நிறுவனம். அதனாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது.

அருமண் வாதம் எவ்வளவு வலுவானது?

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மின்வண்டி மோட்டார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றுக்கும் அந்தக் காந்தம் வேண்டும். இந்தியாவில் 1.3 கோடி டன்னுக்குமேல் மோனசைட் இருப்பு உண்டு என்று அணுசக்தித் துறை சொல்கிறது. அப்படியென்றால் தோண்டவேண்டியதுதானே? இதில் மூன்று சிக்கல்கள்:

1. மோனசைட்டில் பாதிக்குமேல் அருமண் ஆக்சைடு இருப்பது உண்மை. அதில் பெரும்பங்கு சீரியமும் லாந்தனமும். காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

2. சீனா கட்டுப்படுத்தியவை டிஸ்ப்ரோசியம், டெர்பியம் முதலிய நடுத்தர, கன அருமண் தனிமங்கள். சூட்டிலும் காந்தம் வலுவிழக்காமல் இருக்க அவை தேவை. இந்திய மணலில் அவை பிரித்தெடுக்கக்கூடிய அளவில் இல்லை என்பதை ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கிள்ளியூரை முழுக்கத் தோண்டினாலும் அந்தக் குறிப்பிட்ட தட்டுப்பாடு தீராது.

3. சீனாவின் பலம் தோண்டுவதில் மட்டும் இல்லை. பிரிப்பது, உலோகமாக்குவது, கலவை செய்வது, காந்தமாக வார்ப்பது என்ற முழுச் சங்கிலியும் அங்கே இருக்கிறது. நம்மிடம் சங்கிலியின் முதல் கண்ணிகள் உண்டு, கடைசிக் கண்ணிகள் மெலிவு. அதைச் சரிசெய்யாமல் மணலை மட்டும் அதிகமாக எடுத்தால் சேர்வது பெரும்பாலும் இல்மனைட் குவியல்.

தோரியத்துக்கும் இதே கதிதான். அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தில் தோரியம் மூன்றாம் கட்டம். கல்பாக்கத்தில் காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலை 1996 முதல் யுரேனியம் 233-இல் ஓடியது. வணிக அளவில் தோரிய மின்சாரம் இன்னும் வரவில்லை. எனவே தோரியத்துக்காக அவசரமாகத் தோண்டவேண்டிய தேவை எதுவும் இப்போது தெரியவில்லை.

கதிர்வீச்சு: இரண்டு பக்கமும் பாதி சொல்கின்றன

இந்திய மோனசைட்டில் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடும், 0.35 சதவீத அளவில் யுரேனியம் ஆக்சைடும் உண்டு. தோரியம் 232-இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டு. அது சிதையும் வரிசையில் காமா கதிர் வீசும் தனிமங்களும், தோரான் என்ற வாயுவும் வருகின்றன. ஆகவே ஆலை வருமுன்பே இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். கதிர்வீச்சை ஆலைதான் கொண்டுவந்தது என்பது தவறு.

“மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையின் கதிர்வீச்சு குறையும், ஊருக்கு நல்லதுதானே” என்று அரசுத் தரப்பு கேட்கிறது. எடுத்த இடத்தைப் பொறுத்தவரை கணக்குச் சரி. ஆனால் எடுத்த மோனசைட் மறைந்துவிடவில்லை. ஆலையில் செறிந்து நிற்கிறது. உலர்ந்த நிலையில் பிரிக்கும்போது தூசி பறக்கும், மூச்சில் போகும் தூசி வெளியிலிருந்து படும் காமா கதிரைப்போல் அல்ல. அதைத்தான் அளந்து காட்டவேண்டும்.

புற்றுநோய்க் கேள்விக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது கேரளத்தின் கருநாகப்பள்ளி ஆய்வை. அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லி கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) வரை இயற்கைக் கதிர்வீச்சு உண்டு. ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான முடிவு, கதிர்வீச்சு அதிகமான இடங்களில் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்றது. கவனமான ஆய்வு, ஒதுக்கக்கூடியது அல்ல. ஆனால் அது வீட்டிலும் முற்றத்திலும் இயற்கையாகப் படும் கதிரை ஆராய்ந்தது. மணல் ஆலையில் வேலை செய்வோரின் மூச்சையோ, ஆலைக்குப் பக்கத்து ஊரின் தூசியையோ அது ஆராயவில்லை. கன்னியாகுமரிக்கு அதே தரத்தில் ஓர் ஆய்வு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

திட்ட ஆவணத்தில் தேடவேண்டியவை

கருத்துக்கேட்பு இல்லாவிட்டாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. அந்த ஆவணத்தில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இவை:

1. 1,144 ஹெக்டேரில் குடியிருப்பு எவ்வளவு, உண்மையில் தோண்டப்போகும் பரப்பு எவ்வளவு? சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்குமேல் வாழும் மாவட்டம் இது.

2. தோண்டும் ஆழமும் நிரப்பியபின் தரைமட்டமும். 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சிக் கரைகள் பட்ட அடிக்குப் பிறகு, கரைமேட்டின் உயரம் ஒரு மீட்டர் குறைந்தாலும் அது உயிர்க் கேள்வி.

3. நன்னீர் மணலில் தங்கித்தான் கடலோரக் கிணறுகளில் ஊறுகிறது. தோண்டினால் உப்புநீர் எவ்வளவு தூரம் ஏறும் என்ற கணக்கு.

4. மோனசைட்டை எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்தச் சாலை வழியாக வெளியே கொண்டுபோவார்கள்.

5. தோண்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் எடுத்த கதிர்வீச்சு அளவு. அது இல்லாவிட்டால், பின்னால் கூடியதா குறைந்ததா என்று இரு தரப்பும் நிரூபிக்க முடியாது.